மிதி, பிடி, விடு

கார் ஓட்டப் பழகுகிறவர்கள் தங்கள் வலக்காலைப் பற்றியே மிகுதியும் கவலைப்படுகிறார்கள். வேகமும் தடையும் அந்தக் காலின் பொறுப்பு என்பதால் அக்கவலை இயல்பானதே. இடக்காலுக்கு உள்ளதோ ஒரே ஒரு வேலை: கிளட்சை மிதிப்பது, பிறகு விடுவது. அதில் கற்க என்ன இருக்கிறது என்று எவருக்கும் தோன்றும். நாற்பது ஆண்டுகளாக ஓட்டிவரும் நமக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. நம் இடக்கால் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை நாம் அறிந்தது சென்ற தவக்காலத்தில்தான்.

எம்.கே.பி. நகரில் நம் வீட்டு வாசலில் ஒரு பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் நிற்கிறது. 1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்ட் என்னும் பெயரில் வெளிவந்த அக்காரின் உருவத்தை வரைந்தவர் ஜியோவான்னி மிக்கெலாட்டி என்னும் இத்தாலியர். 1961 முதல் சென்னையிலேயே ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது. இரண்டே கதவுகள், முன்புறம் முழுவதும் ஒரே மூடியாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். அதே அடிச்சட்டத்தைக் குறுக்கி அமைத்து, 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்னும் ஸ்போர்ட்ஸ் காரை ஆங்கிலேயர்கள் வெளியிட்டார்கள். ஆகவே நம் வீட்டுக் கார் ஓட்டப்பந்தயக் குடும்பத்தின் ஏழை உறவினர் என்று நண்பர்களிடம் பெருமை பேசுவது நம் வழக்கம்.

அந்தப் பெருமைக்கு வேறொரு காரணமும் உண்டு. இளமையில் ஒவ்வொரு பிப்ரவரி மாதமும் நண்பர்களோடு சோழவரத்துக்குச் சைக்கிளில் போவோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைக்கப்பட்ட விமான ஓடுபாதை அது. போர் முடிந்து, விமானங்கள் அகன்றபின், 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகத்தினர் அங்கே பந்தயங்களை நடத்தினார்கள். 1990-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் அமைந்த பிறகு சோழவரம் ஓய்ந்துவிட்டது. ஆனால் அந்த நாள்களின் ஓசை இன்னும் நம் காதில் இருக்கிறது. நீண்ட நேர்பாதையில் பறந்து வரும் கார், திருப்பம் நெருங்கியதும் வேகத்தைக் குறைக்க வேண்டும். அதே நொடியில் கீழ்க் கியருக்கும் மாற வேண்டும். திறமையற்றவர் மாற்றினால் பற்சக்கரங்கள் கத்தும். பின்சக்கரங்கள் இழுபட்டுக் கார் சுழன்றுவிடும். திறமையாளர் மாற்றும்போது எஞ்சினின் ஒலி ஒருகணம் அடங்கி, ஒரு சிறு உறுமலாக உயர்ந்து, மீண்டும் இணையும். பாடகர் ஒருவர் மூச்சு வாங்குவதுபோல் இருக்கும் அது.

அந்த மூச்சின் பொருளை நமக்கு விளக்கியவர் நம் தந்தை. அவர் துறைமுகத்துக்குச் சரக்கேற்றும் லாரி ஓட்டியவர். எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டு, 1955-இல் அசோக் லேலண்ட் ஆன காலமும், அதே 1955-இல் என்ஃபீல்டு இந்தியா உருவாகித் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள்களைச் செய்யத் தொடங்கிய காலமும் அவருடைய இளமைக் காலம். வடசென்னையில் அப்போது தெருவுக்கு ஒருவராவது பற்சக்கரத்தோடு பழகியவராக இருந்தார். அந்நாளைய லாரிகளின் கியர்பெட்டியில் வேகங்களைச் சமன்செய்யும் அமைப்பு கிடையாது. 1928-இல் அமெரிக்காவின் கேடிலாக் கார்களில் முதன்முதலாக வந்த சின்க்ரோமெஷ் என்னும் அந்த அமைப்பு, இணையவிருக்கும் இரு சக்கரங்களைப் பித்தளை வளையத்தால் உரசவிட்டு, அவை ஒரே வேகத்தை அடைந்த பின்பே பற்களைக் கோக்கும். அது இல்லாத வண்டியில் அந்த வேலையை ஓட்டுநரே செய்தாக வேண்டும். கிளட்சை மிதித்துக் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவருவார். காலை முழுவதும் எடுப்பார். ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டுவார். மறுபடி மிதித்துக் கீழ்க் கியருக்குள் நுழைவார். இதை டபுள் கிளட்ச் என்பார்கள். சோழவரத்தில் நாம் வியந்து கேட்ட அந்த உறுமல், நம் தந்தை நாளெல்லாம் எண்ணூர் நெடுஞ்சாலையில் எழுப்பிய ஒலிதான் என்று தெரிந்தபோது நமக்கு வியப்பாயிருந்தது.

“கியரை நீ தள்ளாதே, அது போகும்போது கூடப் போ” என்பார் அவர். குமிழை இறுகப் பற்றவும் விடமாட்டார். திறந்த உள்ளங்கையால் வழிகாட்டினால் போதும் என்பது அவருடைய பாடம்.

சென்ற ஆண்டு நம் மகன் தன் நண்பர்களை அழைத்துக்கொண்டு பழவேற்காட்டு மகிமை மாதா திருத்தலத்துக்குச் செல்ல இந்தக் காரைக் கேட்டான். தயக்கத்தோடுதான் கொடுத்தோம். இரவு திரும்பி வந்தான். மறுநாள் காலை நாம் வண்டியை எடுத்துப் பின்னோக்கிச் செலுத்த முயன்றபோது கியர்பெட்டி தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறியது. முதல் கியரும் அவ்வாறே. மேல் கியர்கள் மட்டும் மனமில்லாமல் விழுந்தன. நாம் உள்ளே சென்று, நண்பர்களின் முன்னிலையில் வித்தை காட்டுவதற்காக அவன் கியர்பெட்டியை நொறுக்கிவிட்டான் என்று சொன்னோம். அவன் மறுத்தான். பொய் பேசுகிறான் என்று அதையும் சேர்த்துச் சொன்னோம். நம் தந்தையின் பெயரை வேறு இழுத்து, அவர் பேரனுக்கு ஒரு கியர்கூட மாற்றத் தெரியவில்லையே என்றோம்.

சில நாள்கள் கழித்து, துணைவியார் கேட்டுக்கொண்டதற்கிணங்க, அவனை அழைத்து, “போகட்டும், மன்னித்துவிட்டேன்” என்றோம். அவன் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனான். அதன்பின் அவன் காரைத் தொடவில்லை. நம்மோடு பேசுவதும் சாப்பாட்டு மேசையளவில் சுருங்கியது. நாமோ ஒவ்வொரு முறை கியர் கத்தும்போதும் அவன் காதில் விழும்படி ஒரு பெருமூச்சு விடுவோம். அவன் வெளிநாட்டு வேலைக்கு மனுப் போட்டிருந்ததை அவன் தாயார் வாயிலாகத்தான் அறிந்தோம். இப்படியே ஏழு மாதங்கள் சென்றன.

தவக்காலம் வந்தது. கியர்பெட்டியைப் பிரித்துவிட வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொல்லியிருந்தார்கள். அதற்குமுன் இன்னொருவர் பார்க்கட்டும் என்று, வியாசர்பாடியில் மரத்தடியில் வேலை செய்யும் முதிய மேஸ்திரி ஒருவரை அழைத்து வந்தோம். சிறுவனாக இருக்கையில் சோழவரத்துப் பந்தயக்காரர்களுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவராம். அவர் கியர்பெட்டியைத் தொடவே இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் விழுந்தன. எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை மிதித்து, சில நொடிகள் காத்திருந்து, பின்னோக்கும் கியரைப் போட்டார், கத்தியது. பிறகு மிதியை விரைவாக மூன்று நான்கு முறை அடித்துவிட்டு உடனே போட்டார், சத்தமின்றி விழுந்தது.

“கியர் நல்லா இருக்குது சார். கிளட்ச்தான் விடமாட்டேங்குது” என்றார்.

அவர் விளக்கியதை வாசகர்களுக்கும் சொல்வது பயனுடையதாயிருக்கும். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனத்த சக்கரத்தின்மீது கிளட்ச் பிளேட்டை, பிரஷர் பிளேட்டின் சுருள்விற்கள் எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கின்றன. நாம் மிதிக்கும்போது அந்த அழுத்தம் நீங்கி, எஞ்சின் தனியாகவும் கியர்பெட்டி தனியாகவும் ஆகின்றன. மிதி ஒரு சாண் தூரம் இறங்கினாலும் உள்ளே பிளேட்டு விலகும் இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். ஹெரால்டில் இந்த விசையைக் கடத்துவது பிரேக்குக்கு ஊற்றும் அதே திரவம். மிதியோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டர் அதைத் தள்ள, கியர்பெட்டியின் பக்கத்தில் உள்ள ஸ்லேவ் சிலிண்டர் அதை வாங்கி நெம்பும். திரவம் சுருங்காது, ஆனால் அதில் காற்றுப் புகுந்தால் காற்றுச் சுருங்கிவிடும். கால் மிதிக்கும், இடையில் உள்ள காற்று அதை விழுங்கிவிடும், பிளேட்டு முழுதாக விலகாது. பாதி பிடித்த நிலையில் சுழலும் பற்களோடு நிற்கும் பற்களைக் கோக்க முயன்றால் அலறாமல் என்ன செய்யும்? சின்க்ரோமெஷ் உள்ள மேல் கியர்கள் எப்படியோ சமாளித்துக்கொள்ளும். ஹெரால்டின் முதல் கியருக்கும் பின்னோக்கும் கியருக்கும் அந்த வசதி இல்லாததால் அவை உண்மையைச் சொல்லிவிட்டன.

மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர்கள் தேய்ந்து திரவம் கசிந்திருந்தது. எஞ்சியிருந்த திரவம் டிகாக்‌ஷன் நிறத்தில் கறுத்திருந்தது. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடைய அத்திரவத்தை இரண்டாண்டுக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும். கடைசியாக எப்போது மாற்றினோம் என்று அவர் கேட்டார். நம்மிடம் பதில் இல்லை.

அத்துடன் முடியவில்லை. எஞ்சின் ஓடும்போது மிதியில் விரல் வைத்தாலே கேட்கும் ஒரு கீச்சொலி அவருக்குப் பிடிக்கவில்லை. மறுநாள், ஹெரால்டின் வசதிப்படி, உள்ளே இருக்கைகளுக்கு முன்னுள்ள மூடியைக் கழற்றிக் காருக்குள்ளிருந்தே கியர்பெட்டியை வெளியே எடுத்தார். மிதிக்கும்போது பிரஷர் பிளேட்டைத் தொட்டு அழுத்தும் ரிலீஸ் பேரிங் தேய்ந்து, சூட்டில் நீலம் பாரித்திருந்தது. கிளட்ச் பிளேட்டின் முகம் கண்ணாடிபோல் பளபளத்தது. கியர்பெட்டியின் பற்களோ பழுதின்றி இருந்தன.

“இது ஒரு நாள்ல வந்த தேய்மானம் இல்ல. ஓட்டுறவர் எப்பவும் கிளட்ச் மேல காலை வெச்சிருக்கார். முழுசா மிதிக்கிறதும் இல்ல, முழுசா விடுறதும் இல்ல.” ஓட்டுகிறவர் யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து பழகிய கால் அது. எந்த நொடியும் நிற்க நேரும் என்னும் அச்சத்தில் மிதியின்மீது எப்போதும் சாய்ந்திருக்கப் பழகிவிட்டது. சாலை காலியாக இருந்தபோதும் அது இறங்கவில்லை. மேஸ்திரி இன்னொன்றும் சொன்னார்: மிதி முழுவதும் மேலே எழுந்தால்தான் மாஸ்டர் சிலிண்டரின் வாய் திறந்து, மேலுள்ள குப்பியிலிருந்து திரவம் இறங்கிக் குறைவை நிரப்பும். கால் சிறிதளவு அழுத்திக்கொண்டிருந்தாலும் அந்த வாய் மூடியே இருக்கும்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மகன் வண்டி எடுத்த நாளும் ரப்பர் கைவிட்ட நாளும் ஒன்றாயிருந்தன, அவ்வளவே. அதை மட்டும் வைத்துக்கொண்டு நாம் வழக்கை நடத்தித் தீர்ப்பும் எழுதிவிட்டோம். அதைவிடவும் நம்மை வருத்தியது வேறொன்று. அந்த ஏழு மாதங்களில் பெரம்பூர் லூர்து அன்னை ஆலயத்தில் பலமுறை ஒப்புரவு அருட்சாதனம் பெற்றிருந்தோம். ஒவ்வொரு முறையும் ஆன்ம சோதனை செய்துகொண்டுதான் போனோம். அந்தச் சோதனையில் மகனோடு நேர்ந்த இச்செய்தி ஒருமுறைகூட இடம்பெறவில்லை. ஏனெனில் அது அவனுடைய பாவம் என்று கணக்கெழுதி, அதை மன்னித்த புண்ணியத்தை நம் பக்கத்தில் வரவு வைத்திருந்தோம். பிறர் கண்ணின் துரும்பையும் தன் கண்ணின் மரக்கட்டையையும் பற்றி ஆண்டவர் சொன்னதை ஆண்டுதோறும் மறையுரையில் கேட்கிறோம். அதைக் கேட்கும்போதெல்லாம் நம் நினைவுக்கு வருகிறவர்கள் அடுத்த வீட்டுக்காரர்களாகவே இருக்கிறார்கள்.

அந்த மன்னிப்பும் எப்படிப்பட்டது? “மன்னித்துவிட்டேன்” என்று சொன்ன பிறகும் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தோமே, அது மிதியின்மேல் வைத்த கால் அல்லாமல் வேறென்ன? சண்டையிடவும் இல்லை, விட்டுவிடவும் இல்லை. உள்ளே ஏதோ ஒன்று ஓயாமல் உரசி நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. எந்தக் குறையையும் நிரப்ப வழியில்லாமல் வாய் மூடிக்கிடந்தது.

காலையில் மகனிடம் சென்று சொல்ல வேண்டும் என்று உறுதி செய்துகொண்டோம். சென்றோம். அவன் அலுவலகத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். சொல் வரவில்லை. அறுபதைக் கடந்த ஒருவர், தாம் தூக்கி வளர்த்த பிள்ளையின்முன் நின்று தவறு தம்முடையது என்று சொல்வது, முன்பின் தெரியாத குருவானவரிடம் தட்டியின் மறைவில் சொல்வதைவிடக் கடினம் என்பதை அன்று அறிந்தோம். கைக்குட்டையை எடுத்துக்கொண்டாயா என்று ஏதோ கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டோம்.

புதுப்பேட்டையில் தேடி வாஷர்களும் பேரிங்கும் கிளட்ச் பிளேட்டும் வாங்கிக் கொடுத்தோம். மேஸ்திரி சனிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் பொருத்திவிட்டார். குழாயிலுள்ள காற்றை எடுக்கும் வேலை மட்டும் மிஞ்சியிருந்தது. அவருடைய பையன் அன்று வரவில்லை. அவருக்கோ அவசரமாக வேறொரு வண்டி காத்திருந்தது. “இதுக்கு ரெண்டு பேர் வேணும். ஒருத்தர் மிதிக்கணும், ஒருத்தர் நிப்பிளைத் திறந்து மூடணும். வீட்ல தம்பி இருக்காரில்ல?” என்று சொல்லி, செய்முறையை அவனை அழைத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

வேறு வழியில்லை. நாம் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தோம். அவன் பக்கத்து இருக்கையைக் கழற்றி வைத்துவிட்டு, தரையில் சாய்ந்து, திறந்திருந்த கியர்பெட்டியின் ஓரத்தில் கையை நுழைத்தான். நம் இடக்காலுக்கு ஒரு முழத் தொலைவில் அவன் தலை இருந்தது. ஸ்லேவ் சிலிண்டரின் நிப்பிளில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, அதன் மறுமுனையைத் திரவம் உள்ள பாட்டிலில் மூழ்கவிட்டான்.

“மிதிங்கப்பா” என்றான். மிதித்தோம். “பிடிங்க.” அடியில் பிடித்துக்கொண்டோம். அவன் நிப்பிளைத் திறந்தான். பாட்டிலில் குமிழிகள் பொங்கின. மூடினான். “விடுங்க.” விட்டோம். மூடுவதற்குமுன் நாம் விட்டுவிட்டால், வெளியேறிய காற்று மீண்டும் உள்ளே இழுக்கப்படும். ஆகவே அவன் சொல்லுக்கு நம் கால் காத்திருக்க வேண்டும். நம் கால் அடியில் நிற்கிறது என்று நம்பித்தான் அவன் திறக்க வேண்டும்.

மிதிங்க, பிடிங்க, விடுங்க. மிதிங்க, பிடிங்க, விடுங்க. ஏழு மாதங்களில் அவன் நம்மிடம் இத்தனை சொற்கள் பேசியதில்லை. இடையிடையே நாம் இறங்கி மேலுள்ள குப்பியில் புதுத் திரவத்தை ஊற்றினோம். அது வற்றினால் மறுபடி காற்றுப் புகுந்துவிடும். பத்துப் பன்னிரண்டு முறைக்குப் பின் குமிழிகள் சிறுத்தன. ஒருமுறை “விடுங்க” என்று அவன் சொன்ன பின்னும் பழக்கத்தால் நம் கால் மிதியின்மேலேயே சாய்ந்திருந்தது.

“முழுசா விடுங்கப்பா” என்றான்.

விட்டோம். கால் தரையைத் தொட்டது. அந்த நிலையிலேயே, அவன் முகத்தைப் பாராமல், பாட்டிலைப் பார்த்துக்கொண்டு சொன்னோம்: “கியரை நீ கெடுக்கவில்லை. கெடுத்தது நான். உன்னைப் பொய்யன் என்றதும் தவறு.”

அவன் கை நின்றது. சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. தெருவில் தண்ணீர் லாரி வந்து, குடங்களின் ஓசை எழுந்தது. “மேஸ்திரி அன்னைக்கே சொன்னாரு” என்றான். “நீங்க சொல்வீங்களான்னுதான் பார்த்துட்டு இருந்தேன்.” பிறகு, “மிதிங்க, இன்னும் கொஞ்சம் காத்து இருக்குது” என்றான்.

இதைவிடப் பெரிய உரையாடல் எதுவும் எங்களிடையே நிகழவில்லை. அவன் வெளிநாட்டு மனுவைத் திரும்பப் பெறவும் இல்லை. பெற வேண்டும் என்று நாம் கேட்கவும் இல்லை. அவன் போகக்கூடும். போகிறவனை அனுப்பிவைக்கும் முகம் எத்தகையது என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

பாஸ்கா திருவிழிப்பு இரவில் பெரம்பூருக்குக் காரிலேயே சென்றோம். அவன் ஓட்டினான். ரயில் பாலத்தை நெருங்குகையில் முன்னே ஒரு பேருந்து நின்றது. அவன் கிளட்சை முழுதாக மிதித்து, நியூட்ரலில் ஒருகணம் விட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி இரண்டாம் கியருக்கு இறங்கினான். டபுள் கிளட்ச் போட அவனுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டோம். “தாத்தா. சின்ன வயசுல, நிறுத்தி வெச்ச வண்டியில” என்றான். பின்இருக்கையில் அவன் தாயார் சிரித்தார்.

அப்போதுதான் கவனித்தோம். பக்கத்து இருக்கையில் எந்த மிதியும் இல்லாத வெறுந்தரையை நம் இடக்கால் அழுத்திக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டோம்.